ஓரத்தில் ஓடும் பிள்ளைக்கு ஒரு வேன்

பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு,

சுங்கை சிப்புட்டிலும் சிம்மோரிலும் கோலகங்சாரிலும் பத்து காஜாவிலும் தெலுக் இந்தானிலும், தோட்டம் போன பிறகும் தோட்டப் பள்ளியின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, என்னிடம் படித்த தம்பி தங்கைகளே, இந்த மடல் உங்களுக்கு. பெற்றோருக்கு எழுதியிருக்கலாம், இரண்டு ஷிப்ட் வேலைக்கு நடுவே அவர்கள் தலையில் இன்னொரு சுமையை ஏற்ற மனம் வரவில்லை. உங்களிடம் ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறது, ஒரு செயற்குழு இருக்கிறது, ஆண்டில் ஒருநாள் எல்லாரையும் ஒரே திடலில் கூட்டும் பழக்கம் இருக்கிறது. இவை போதும் ஒரு காரியம் செய்ய.

தமிழ்ப்பள்ளிகளில் உடற்கல்வி நடத்தியே ஓய்வு பெற்றவன் நான். ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கிப் போட்டி நடக்கும்போது மாணவர்களை அழைத்துப்போவது என் வழக்கமாக இருந்தது. 1983இல் கோலாலம்பூரில் தொடங்கி, 1985இல் ஈப்போவுக்கு வந்து, பிறகு இந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்ட போட்டி அது. ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான், நியூசிலாந்து, தென்கொரியா என்று உலகின் நல்ல ஹாக்கி அணிகள் நம் வாசலுக்கே வந்து ஆடிவிட்டுப் போகின்றன. சுங்கை சிப்புட்டிலிருந்து அந்தப் போட்டி நடக்கும் அரங்கம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்த நீலத் திடலில் ஒருமுறையாவது மட்டை பிடித்து ஆடிய பிள்ளைகள் உங்கள் பள்ளியில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கைதட்டியவர்கள் கிடைப்பார்கள். உள்ளே ஆடியவர் அரிது.

ஹாக்கி நமக்குத் தூரத்து ஆட்டமும் இல்லை. 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில் மலேசிய அணிக்குத் தலைவர் என். ஸ்ரீ சண்முகநாதன். நடப்பு வெற்றியாளராக வந்த நெதர்லாந்தை அந்த அணி 2–1 என்று வென்றது. இரண்டு கோலையும் போட்டவர் பூன் ஃபூக் லோக். அரையிறுதியில் இந்தியாவுக்கு எதிராக முன்னிலையில் இருந்து, ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருந்தபோது அஸ்லம் ஷேர் கான் சமன்செய்ய, கூடுதல் நேரத்தில் 3–2 என்று தோற்றோம். நான்காம் இடம். உலகக் கிண்ணத்தில் மலேசியா அதைவிட மேலே போனதில்லை. அந்த அணியைப் பற்றி இன்றும் பெரியவர்கள் பேசுகிறார்கள். பேசத் தகுந்த அணிதான்.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஹாக்கி அன்று பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகளிலும் போலீஸ், ரயில்வே போன்ற துறைகளிலும் வளர்ந்த ஆட்டம். தோட்டத்தில் இருந்தது கால்பந்து. பால் நிறுவை முடிந்து, குளித்து, சாயங்காலம் லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவே இருந்த திடலில் அப்பாவும் மகனும் ஒரே அணியில் ஆடுவார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி இருந்தது. அந்தத் திடல் யாரும் கேட்காமலே கிடைத்தது. பிறகு ரப்பர் வெட்டி செம்பனை போட்டார்கள். செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிக்கும் போயின. பள்ளி இடம் மாறிப் புதுக் கட்டடம் பெற்ற இடங்களில்கூட, பல பள்ளிகளுக்குச் சபை கூடும் சிமெண்டுத் தளம்தான் விளையாட்டுத் திடல். ஹாக்கித் திடல் நமக்கு என்றுமே கிடைத்ததில்லை. கால்பந்துத் திடலும் தோட்டத்தோடு போய்விட்டது.

இந்த மடலில் விங்கரை, அதாவது ஓரத்தில் ஓடும் முன்வரிசைக்காரரை, மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் ஒல்லியாக, உயரம் குறைவாக, வேகமாக இருப்பவர்கள் அதிகம். அப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்ததும் எந்தப் பயிற்றுநரும் ‘நீ விங்கில் நில்’ என்றுதான் சொல்வார். வேகம் இருந்தால் போதும், ஓரத்தில் ஓடிவிடலாம் என்ற நினைப்பு நம்மிடையே பரவலாக இருக்கிறது. உண்மையில் ஹாக்கித் திடலில் மிக நுணுக்கமான வேலைகளில் அது ஒன்று.

ஹாக்கி மட்டையின் இடது முகம் மட்டுமே தட்டை. வளைந்த பின்பக்கத்தால் பந்தை ஆடினால் தவறு. இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கென்று தனி மட்டையும் கிடையாது. வலது ஓரத்தில் ஓடுகிறவர் பந்தைத் தன் வலப்புறம் வைத்துக்கொண்டு ஓடலாம், அங்கிருந்து நடுவுக்கு இயல்பாக அடிக்கலாம். இடது ஓரத்தில் ஓடுகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஓட்டத்தின் நடுவே உடம்பையே திருப்ப வேண்டும், இல்லையென்றால் மட்டையைக் கவிழ்த்து, தரையோடு படுத்தாற்போல் வைத்து அடிக்க வேண்டும். கோல் போடுவதென்றால் 14.63 மீட்டர் வட்டத்துக்குள் வந்துதான் போட முடியும் என்பதால், ஓரத்தில் ஓடுகிறவரின் வேலை பாதி நேரம் மற்றவருக்குப் பந்து கொடுப்பது. பத்து நிமிடம் பந்தே வராது. வரும்போது ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் எதிரணிக்காரர். உள்ளே வெட்டுவதா, கோட்டோடு ஓடுவதா, நின்று திரும்புவதா என்று யோசிக்க அரை விநாடிகூட இருக்காது.

கவிழ்த்து அடிப்பதைப் புல்லில் பழக முடியாது. மேடுபள்ளத்தில் மட்டை தரையில் குத்தும், பந்து துள்ளும். செயற்கைத் திடலில்தான் அது கைக்கு வரும். நான் பார்த்தவரை பத்து வயதுக்கும் பதினைந்துக்கும் இடையில் பழகினால் உடம்பில் ஊறிவிடுகிறது; அதற்குப் பிறகு பழகுகிறவர்கள் யோசித்து யோசித்து ஆடுகிறார்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் திடல் வந்ததிலிருந்து உலக ஹாக்கியில் யார் மேலே, யார் கீழே என்பதே மாறிப்போனது. எட்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற இந்தியா, 1980க்குப் பிறகு 2021இல் தோக்கியோவில் வெண்கலம் வாங்கும்வரை ஒலிம்பிக் பதக்கமே காணவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பிள்ளைகளுக்குச் செயற்கைத் திடல் கிடைக்காததும் ஒன்று. அவ்வளவு பெரிய நாட்டுக்கே அந்த நிலை என்றால், சிமெண்டுத் தளத்தில் பழகும் பேராக் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையிடம் நாம் என்ன எதிர்பார்க்க முடியும்?

விங்கராகவே பிழைத்த ஒரு மனிதரின் வாழ்க்கையை முழுதாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அது வேறு ஹாக்கி. பனித்தளத்தில் சறுக்குக் காலணியோடு ஆடும் ஐஸ் ஹாக்கி. நம் ஊருக்கு அது புதிது. 2017இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில்தான் அதை முதன்முறையாகச் சேர்த்தார்கள். ஆனாலும் இந்த மனிதரின் கதையில் நம் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது.

வில்லி ஓரீ. கனடாவின் ஃபிரெடெரிக்டன் நகரில் 1935இல் பிறந்த கறுப்பினத்தவர். இடது விங்கர். இளையோர் ஆட்டம் ஒன்றில், பந்துக்குப் பதிலாக அடிக்கும் பந்துத்தட்டு வலது கண்ணில் பட்டு, அந்தக் கண்ணின் பார்வை ஏறத்தாழ முழுதும் போய்விட்டது. இடது ஓரத்தில் ஆடுகிறவருக்குப் பந்துத்தட்டு வலப்பக்கத்திலிருந்துதான் வரும். அவருக்குக் குருடாகிப்போனது அந்தப் பக்கம். யாரிடமும் சொல்லாமல், ஒவ்வொரு முறையும் தலையை வலத்தோளுக்கு மேலே முழுதாகத் திருப்பிப் பார்த்தே ஆடினார். 1958 ஜனவரி 18 அன்று பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக மாண்ட்ரியலில் களமிறங்கியபோது, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். அப்போது அந்த லீக்கில் ஆறே அணிகள். இடம் கிடைப்பது அவ்வளவு கடினம். அவர் அங்கே ஆடியது மொத்தம் 45 ஆட்டங்கள், போட்டது 4 கோல்.

அதோடு கதை முடிந்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் அவர் 1979 வரை ஆடினார். பெரிய லீக்கில் இல்லை. மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலிசிலும் சான் டியேகோவிலும், அடுத்த நிலை லீக்குகளில். லாஸ் ஏஞ்சலிசில் அவரை இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மாற்றினார்கள். பார்வை உள்ள கண் ஆட்டத்தின் பக்கம் வந்தது. அங்கே ஆடிய லீக்கின் முன்னணி கோலடிப்பவர்களில் ஒருவர் ஆனார். இடம் மாற்றிய ஒரு முடிவு அவருக்குப் பல ஆண்டு சம்பளத்தைக் கொடுத்தது. ஒரு பிள்ளை எந்த ஓரத்தில் ஆட வேண்டும் என்று கூர்ந்து பார்க்கும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு சான் டியேகோ பக்கம் ஒரு ஹோட்டலில் பாதுகாப்புப் பணி. ஆமாம், காவல் வேலை. வரலாற்றில் பெயர் எழுதப்பட்ட விங்கர் அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் நடத்தினார். 1998இல், அறுபது வயதைக் கடந்த பிறகுதான், தேசிய ஹாக்கி லீக் அவரைத் தேடி வந்து, எல்லா இனப் பிள்ளைகளையும் ஆட்டத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பைக் கொடுத்தது. 2018இல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் இடம்; 2022இல் பாஸ்டன் அவருடைய 22ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அரங்கில் ஏற்றித் தொங்கவிட்டது. நம் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது அந்தச் சட்டையைப் பற்றி இல்லை. 1979க்கும் 1998க்கும் நடுவே கிடக்கும் 19 ஆண்டுகளைப் பற்றி.

இந்திய வம்சாவளியில் அந்த லீக்கில் முதலில் ஆடியவரும் ஒரு விங்கர்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் டங்கன் ஊரில் வளர்ந்த பஞ்சாபியர், ராபின் பாவா. 1989இல் தொடங்கி நான்கு அணிகளுக்குச் சேர்த்து அவருக்குக் கிடைத்தது 61 ஆட்டங்கள். மற்ற ஆண்டுகளெல்லாம் கீழ்நிலை லீக்குகளில், ஊர் ஊராக. கோடி கோடியாகப் பணம் புரளும் நாட்டிலேயே பெரும்பாலான விங்கர்களுக்கு இதுதான் வாழ்க்கை.

நம் பக்கத்துக்கு வருவோம். தன்ராஜ் பிள்ளை தமிழ்ப் பெற்றோருக்குப் புனே அருகே கட்கியில் 1968இல் பிறந்தவர். அப்பா அங்கே ஆயுதத் தொழிற்சாலையில் திடலைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். தொழிலாளர் குடியிருப்பில், சேற்றுத் தரையில், உடைந்த மட்டையையும் கழித்துப்போட்ட பந்தையும் வைத்து அண்ணன் தம்பிகளோடு பழகினார். ஐந்து மகன்களையும் ஆடவிட்டவர் அம்மா. இதைப் படிக்கும்போது நம் லயம் கண்முன் வரவில்லையா? நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம், நான்கு ஆசிய விளையாட்டு, 339 பன்னாட்டு ஆட்டம். 1998இல் பாங்காக்கில் இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றபோது அணித் தலைவர் அவர். மலேசிய லீக்கிலும் நம் ரசிகர்கள் அவரைப் பார்த்திருக்கிறார்கள். பேங்க் சிம்பானான் நேஷனல் அணிக்கும் டெலிகோம் அணிக்கும் ஆடினார்.

அவர் நடுவிலும் ஆடுவார், ஓரத்திலும் ஆடுவார். கால்வேகம் கொண்ட முன்வரிசைக்காரர். திறமை அவருடையது. அதை யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அவர் நின்ற தரையைப் பாருங்கள். அண்ணன் ரமேஷ் ஏற்கெனவே மும்பையில் ஓர் உர நிறுவனத்தின் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் தம்பியைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். பிறகு நிறுவனங்களின் அணி, அதோடு சேர்ந்த வேலை. மஹிந்திரா, அதன்பின் இந்தியன் ஏர்லைன்ஸ். ஆட்டம் நின்ற மாதத்திலும் சம்பளம் நிற்காத ஏற்பாடு. உடைந்த மட்டையைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். மும்பைக்கு அழைத்துப்போன அண்ணனையும், மாதச் சம்பளத்தையும் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. எனக்கு அந்த அண்ணன்தான் முக்கியம். உங்களிடம் நான் கேட்பது அந்த அண்ணன் வேலையைத்தான்.

‘விளையாடி என்ன செய்யப் போகிறான்?’ என்று நம் தாய்மார் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்காக அவர்களைக் குறை சொல்லும் பேச்சாளர்களை நான் நம் மேடைகளிலேயே கேட்டிருக்கிறேன், அது நியாயமில்லை. விங்கரின் முதலீடு வேகம். முப்பதைத் தாண்டினால் முதலில் குறைவது அதுதான். தொடைப் பின்தசை ஒருமுறை கிழிந்தால் அதற்கும் முன்பே. தற்காப்பில் நிற்பவர் அனுபவத்தால் சில ஆண்டுகளை ஈடுகட்டலாம். ஓரத்தில் ஓடுகிறவருக்கு அந்தச் சலுகை குறைவு. அந்தத் தாயின் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: பதினெட்டு முதல் முப்பது வரை ஆடலாம், ஆடும்போதே படிப்பையோ தொழிலையோ கையில் வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது பாதிக்கு யார் பொறுப்பு என்பதை நாம் சொல்லாமல் விடுவதால்தான் படிவம் மூன்றில் பிள்ளைகள் மட்டையைக் கீழே வைக்கிறார்கள்.

நாட்டுக்கும் இவர்கள் தேவை. 2000 சிட்னிக்குப் பிறகு மலேசிய ஆண்கள் ஹாக்கி அணி ஒலிம்பிக் போகவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் ஜப்பானோடு 6–6 என்று சமனாகி, பெனால்டியில் தங்கமும் ஒலிம்பிக் இடமும் கைநழுவின. அவ்வளவு அருகில் போனோம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில், அதிலும் அதிகமான பள்ளிகள் உள்ள மாநிலங்களில் ஒன்றான பேராக்கில், பிள்ளைகள் திடலையே தொடாமல் வளர்வது அணிக்கும் இழப்பு.

என் வேண்டுகோள் பெரிதில்லை. நீங்கள் ஆண்டுதோறும் நடத்தும் கால்பந்துப் போட்டி நடக்கட்டும். அது நம்மைச் சேர்த்து வைக்கிறது. அதில் கோப்பைக்கும் சட்டைக்கும் மேடைக்கும் போகும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். அருகருகே உள்ள மூன்று நான்கு பள்ளிகளின் சங்கங்கள் சேர்ந்தால் வாரம் இருமுறை ஒரு வேன். ஆண்டு நான்கு, ஐந்து படிக்கும் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், செயற்கைத் திடலுக்குப் போய் வர வேண்டும். தெலுக் இந்தானிலிருந்து ஈப்போ 80 கிலோமீட்டருக்கும் மேல் என்பதால் அங்குள்ளவர்களுக்கு வாரக் கடைசியில் ஒருநாள்தான் சாத்தியம், அதுவும் போதும். நல்ல மட்டை நூற்றுக்கணக்கான ரிங்கிட். அதைப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்காதீர்கள். பள்ளி பெயரில் வாங்கி, ஆண்டுத் தொடக்கத்தில் கொடுத்து, முடிவில் திரும்ப வாங்குங்கள். ஐந்து ஆண்டில் ஒவ்வொரு மட்டையும் ஐந்து பிள்ளைகளைப் பார்த்திருக்கும்.

இதைவிட முக்கியம், தமிழ்ப்பள்ளியோடு பிள்ளையை விட்டுவிடாமல் இருப்பது. ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போதுதான் நம் பிள்ளைகள் கண்ணிலிருந்து மறைகிறார்கள். ஈப்போவில் ஆண்டர்சன் போன்ற ஹாக்கி மரபுள்ள பள்ளிகள் இருக்கின்றன. புக்கிட் ஜாலிலிலும் ஜொகூர் பண்டார் பெனாவாரிலும் விளையாட்டுப் பள்ளிகள் இருக்கின்றன. எப்போது விண்ணப்பிப்பது, தேர்வுக்கு என்ன கொண்டுபோவது என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் சங்கத்தில் ஆசிரியர் இருக்கிறார், வங்கி ஊழியர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார். பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் ஓர் அணி ஒப்பந்தம் நீட்டினால், அதில் ஊழியர் சேமநிதி உண்டா, காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, படிப்புக்கு விடுப்பு உண்டா என்று படித்துப் பார்த்துச் சொல்ல அந்த வழக்கறிஞர் ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் போதும். எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லாமல் எந்தக் கையெழுத்தும் வேண்டாம் என்று நாம் எல்லாரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும்.

பணம் சேருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவுபடுத்துகிறேன். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மாதச் சம்பளக்காரர்கள். ஒரு வேனுக்கும் இருபது மட்டைக்கும் நம்மால் முடியாது என்று நான் நம்பவில்லை.

உங்கள் சங்கங்களின் பொறுப்பாளர்கள் ஈப்போவில் ஒரு ஞாயிறு காலை கூடுவதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வரும்போது ஒவ்வொரு சங்கமும் மூன்று விவரம் கொண்டுவர வேண்டுகிறேன்: உங்கள் பள்ளியில் இப்போது கிடக்கும் மட்டைகள் எத்தனை, நான்காம் ஐந்தாம் ஆண்டில் ஓடக்கூடிய பிள்ளைகள் யார் யார், அவர்களில் எத்தனை பேருக்கு மாலை நான்கு மணிக்குப் பிறகு வீட்டில் ஆள் இல்லை. திடலை வாரத்தில் எந்த நேரம் வாடகைக்குக் கேட்கலாம், வேன் ஓட்ட உரிமம் உள்ளவர் யார் என்பதை அங்கேயே பேசி முடிவுசெய்யலாம். பயிற்சிக்கு நானும் வருகிறேன். இடது ஓரத்துப் பிள்ளைகளை என்னிடம் விடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்